பழைய புத்தகத்தை யார் பிடுங்கினார்கள்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நீளும்.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு விளையாட்டு வெளிவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். ஆடுபவர்கள் டி அண்ட் டி என்பார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன். ‘கதவை உதைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், கதவு உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்வதற்குத்தான் விதிப்புத்தகம். அதை வெளியிடும் நிறுவனம் சில ஆண்டுகளுக்கொரு முறை திருத்தி எழுதிப் புதிய பதிப்பு என்று விற்கும். உடனே சண்டை மூளும். எடிஷன் வார் என்றே அதைச் சொல்கிறார்கள்.

வெளியாளுக்கு இது விளங்காது. புதியது பிடிக்கவில்லையென்றால் பழையதை வைத்தே ஆடிவிட்டுப் போகலாமே? வீடு தேடி வந்து யாரும் புத்தகத்தைப் பிடுங்கவில்லையே?

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆட்டத்துக்குக் கூட்டாளிகள் வேண்டும். பாடத்திட்டம் மாறிய வருஷம் அண்ணனின் பாடப்புத்தகம் தம்பிக்கு உதவாமல் போகிறதல்லவா? புத்தகத்தில் ஓர் எழுத்தும் அழியவில்லை, வகுப்புதான் வேறு பாடம் படிக்கிறது. இங்கேயும் அதே கதை. கடையில் புதிய பதிப்புதான் இருக்கும். புதிதாக வருகிறவர் அதைத்தான் வாங்குவார். அடுத்தடுத்த சாகசக் கதைகளும் அதற்கேற்பவே எழுதப்படும். உங்கள் குழுவில் இருவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனால், அந்த இடத்துக்குப் பழைய விதி தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும்.

மாற்றம் நல்லதாகவே இருந்தாலும் முணுமுணுப்பு வரும். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாக்கோ என்றொரு கணக்கு உண்டு. கவசத்தின் எண் குறையக் குறைய பாதுகாப்பு கூடும், பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். உங்கள் பாத்திரத்தின் தாக்கோ எண்ணிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்து, பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2000இல் மூன்றாம் பதிப்பு இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய எண் என்றால் நல்ல கவசம் என்று வைத்தது. என்னைக் கேட்டால் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. ஆனாலும் தாக்கோவை மனக்கணக்காகப் போட்டு வந்தவர்களுக்கு அந்தக் கைப்பழக்கம் ஒரே நாளில் செல்லாக்காசானது.

அந்த 2000ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. முதல் வெளியீட்டாளரான டிஎஸ்ஆரை 1997இல் வாங்கியிருந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புத்தகங்களில் பயன்படுத்தலாம் என்று ஒரு திறந்த உரிமம் கொடுத்தது. மற்றவர்கள் சாகசக் கதைகளை எழுதி விற்றால் மூலப்புத்தகம் தானாக விற்கும் என்ற வியாபாரக் கணக்கு. விற்கவும் செய்தது.

இப்போது 2008க்கு வாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. நான்காம் பதிப்பு விதிகளை அடியோடு மாற்றியது. அதுவரை மந்திரவாதி தொடக்கத்தில் நோஞ்சான், போகப் போக யாரும் நெருங்க முடியாத ஆள். வாள்வீரனுக்கோ கடைசிவரை ‘வெட்டுகிறேன்’தான். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எல்லோருக்கும் ஒரே வார்ப்பில் திறன்களைப் பிரித்துக் கொடுத்தார்கள்: எப்போதும் பயன்படுத்தக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. சண்டைகள் ஒழுங்காக, விறுவிறுப்பாக நடந்தன. ஆனால் எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோல இருக்கிறது, கணினி விளையாட்டு மாதிரி இருக்கிறது என்று பழையவர்கள் கொதித்தார்கள். அதன் முதல் விதிப்புத்தகத்தில் முன்பிருந்த பாணர் பாத்திரமும் இல்லை, நோம் இனமும் இல்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கதையுலகத்தையோ ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்னே தள்ளிவிட்டார்கள். பாத்திரங்களோடு அங்கே வருஷக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு, ஊருக்குத் திரும்பினால் தெரிந்தவர் பலர் செத்துப்போயிருந்தார்கள். விதியில் விழுந்த மாற்றத்தைவிட இதுதான் அதிகம் வலித்திருக்கும் என்பது என் ஊகம்.

வேறு பொருளாக இருந்தால் புலம்பலோடு முடிந்திருக்கும். இங்கே பழைய விதிகள் திறந்த உரிமத்தில் இருந்தன. டி அண்ட் டி இதழ்களை 2007 வரை உரிமம் பெற்று நடத்திய பைசோ என்ற நிறுவனம், நான்காம் பதிப்பு கடைக்கு வருமுன்பே, மூன்றாம் பதிப்பின் விதிகளைச் செப்பனிட்டுத் தொடரப்போவதாக அறிவித்தது. வரைவைப் பொதுவில் வைத்து, ஆடிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்றது. 2009இல் பாத்ஃபைண்டர் வந்தது. 2011 வாக்கில், அமெரிக்க வணிக இதழ் ஒன்றின் கடைக் கணக்கெடுப்பில் டி அண்ட் டியையே முந்தியது. கோபித்துக்கொண்டு போனவர்களுக்குப் போக இடம் இருந்ததுதான் இந்தக் கதையின் சூட்சுமம்.

அடி உறைத்தது. ஐந்தாம் பதிப்புக்கு 2012இல் விசார்ட்ஸ் நிறுவனமே ஆடுபவர்களைத் தேடிப் போனது. ஒரு வருஷத்துக்கும் மேலாக வரைவுகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டது. 2014இல் வந்த அந்தப் பதிப்பு விளையாட்டின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. வேடிக்கை என்னவென்றால், திட்டித் தீர்த்த நான்காம் பதிப்பின் சரக்கு சில அதில் சத்தமில்லாமல் இருக்கிறது: மந்திரவாதி சலிக்காமல் வீசக்கூடிய சிறு மந்திரங்கள், சண்டைகளுக்கிடையே சின்ன ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்வது. அப்போது யாரும் கத்தவில்லை.

2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தையே இறுக்கும் வரைவு ஒன்று கசிந்தது. எதிர்ப்பு வலுக்க, பலர் விளையாட்டின் இணையதளச் சந்தாவை ரத்துசெய்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, நிறுவனம் பின்வாங்கியதோடு ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2024இல் திருத்திய விதிப்புத்தகம் வந்தபோது ஆறாம் பதிப்பு என்ற பெயரைக் கவனமாகத் தவிர்த்துவிட்டார்கள். பழைய ஐந்தாம் பதிப்புச் சாகசங்கள் இதிலும் ஓடும் என்றார்கள். சூடு கண்ட பூனை.

நீங்களும் ஆடிப்பார்க்க நினைத்தால் எந்தப் பதிப்பு சிறந்தது என்று யாரிடமும் கேட்காதீர்கள், டீ ஆறிப்போகும். சேரப்போகும் குழுவிடம் எந்தப் புத்தகம் வைத்து ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தாம் பதிப்பு என்றால் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து ஆட்டம் ஆடிவிட்டு அப்புறம் காசைச் செலவழியுங்கள்.