ஸ்கேன் ஊசிக்கு ஏன் இவ்வளவு காசு?



"ஐயா, ஸ்கேனுக்கு ஒரு விலை சொன்னாங்க. கொழும்புக்குப் போனா ஊசி மருந்துக்கு வேற காசுன்னு கேக்குறாங்க. இது சரியா?" எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கி, தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

அந்த ஊசி என்ன?

சி.ரி. ஸ்கேனில் எலும்பு நன்றாகத் தெரியும். ஆனால் இரத்தக் குழாய், ஈரல், குடல், கட்டி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அயடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால் இரத்தம் ஓடும் இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இதைத்தான் 'டை' அல்லது 'கொன்ட்ராஸ்ட்' என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கடோலினியம் என்ற வேறு மருந்து. இரண்டும் நோயைக் குணப்படுத்துவதில்லை; டாக்டருக்கு நோயைக் காட்டிக் கொடுக்கின்றன.

எல்லா ஸ்கேனுக்கும் டை வேண்டியதில்லை. சிறுநீரகக் கல்லுக்கும், தலையில் அடிபட்டதற்கும் சாதாரணமாக டை இல்லாமலே எடுப்பார்கள். ஆகவே டாக்டரிடம் துண்டு வாங்கும்போதே, "டை போட்டா, போடாமலா?" என்று கேளுங்கள். அதையும் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலை எப்படி ஏறுகிறது?

இந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022இல் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டது. அதே டொலர் விலைக்கு வாங்கிய போத்தலுக்கும் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலான ரூபாய் தேவைப்பட்டது. அதே வருடம் சீனாவின் ஷங்ஹாய் நகரம் கொரோனாவுக்காக மூடப்பட்டபோது அங்குள்ள பெரிய டை தொழிற்சாலையும் முடங்கியது. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. எங்கேயோ ஒரு கதவு மூடினால் நம் லயத்தில் தோடு அடகுக்குப் போகிறது.

பெட் ஸ்கேன் ஊசியின் கதை வேறு

புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு எஃப்.டி.ஜி. என்ற ஊசி போடுகிறார்கள். இது கதிர்வீச்சு சேர்த்த ஒரு சீனி. புற்றுக் கட்டி சீனியை நிறைய இழுப்பதால் அந்த இடம் படத்தில் ஒளிரும்.

நம் கொழுந்தை எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தை அன்றே ஃபெக்டரிக்குக் கொண்டுபோகாவிட்டால் கெட்டுவிடும். இந்த மருந்து அதைவிட அவசரம். 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் சக்தி பாதியாகக் குறையும். 220 நிமிடம் போனால் கால் பங்குதான் மிச்சம். அந்த நேரத்தில் நோயாளிக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டுமானால், புறப்படும்போது நான்கு பங்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் பக்கத்தில் இல்லாத நாடுகள் விமானத்தில்தான் வரவழைக்க வேண்டும். வழியில் வீணாகும் மூன்று பங்குக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கட்டுகிறோம். வைத்து விற்கவும் முடியாது. குறித்த நாளில் நோயாளி வராவிட்டால் அவருக்கென்று வந்த மருந்து வீண்.

அதனால் பெட் ஸ்கேனுக்கு முந்திய இரவே கொழும்பில் தங்கிவிடுவது நல்லது. சொன்ன மணித்தியாலத்துக்கு வெறும் வயிற்றோடு இருக்க வேணும். சீனி போட்ட பிளேன்டீ கூடக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்ல வேணும்.

அரசாங்க ஆஸ்பத்திரி

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை போன்றவற்றில் கட்டணம் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மகரகமவுக்குப் புறக்கோட்டையிலிருந்து 138 பஸ். அங்கே பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் எம்.எஸ்.எச். மொகமட் என்பவரின் கதீஜா ஃபவுண்டேஷன் பொதுமக்களிடம் 20 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. இன மத பேதமில்லாமல் சனங்கள் கொடுத்த காசு அது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி தூரமாகக் கிடைத்தால் உடனே தனியாரிடம் ஓட வேண்டாம். "இந்த ஸ்கேன் எவ்வளவு நாள் பொறுக்கும்?" என்று டாக்டரிடமே கேளுங்கள். அவசரம் என்றால் திகதியை முன்னுக்குக் கொண்டுவர அவரே எழுதிக் கொடுக்கலாம். டை இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு தந்தால் முதலில் அரசாங்க ஒசுசலவில் விசாரியுங்கள்.

தனியாரிடம் போவதானால்

அண்மையில் ஒரு தாய் தொலைபேசியில் கேட்ட விலையை நம்பி, சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போனார். கவுண்டரில் டைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் தனியாகக் காசு கேட்டார்கள். போதாமல், ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்தார். பஸ் காசும் போய், இரண்டு நாள் பேரும் போனது. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபாயாக இருந்தது. நமக்கு அது சின்னக் காசா?

ஆகவே போகுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. சொல்லும் விலையில் டை, ஊசிக் குழாய், ரிப்போட், படம் எல்லாம் சேர்ந்ததா?

2. டையின் பெயர் என்ன, எத்தனை மில்லிலீற்றர்? பில்லிலும் அதை எழுதித் தருவீர்களா?

3. கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை வேணுமா? சிறுநீரகம் சரியா என்று பார்ப்பது இது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முன்பே எடுத்த ரிப்போட் இருந்தால் ஏற்பார்களா?

இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். முன்பு டை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உதவி

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் பாரதூரமான நோய்களுக்கு உதவுகிறது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். செலவு செய்த பிறகு அல்ல, செய்யுமுன்பே விசாரியுங்கள். பில், துண்டு, ரிப்போட் எதையும் எறிய வேண்டாம்.

வட்டிக்குக் கடன் வாங்குமுன், நகையை அடகு வைக்குமுன், டாக்டர் தந்த துண்டோடு உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் ஒருமுறை வாருங்கள். நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்து விலை கேட்பதும், படிவம் நிரப்பித் தருவதும் எங்கள் வேலைதான். அதற்குக் காசு கிடையாது.