வாடகையா, அனுமதியா?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பெருநகரத்தில் புதிதாய் எழுந்த உயர்தர அடுக்குமாடியில் வீடொன்றை வாடகைக்கு அமர்த்துவதும் அவற்றுக்குக் குறைந்த காரியமன்று. பளிங்குத் தரையும், ஓசையின்றி ஏறும் லிப்டும், நீச்சற்குளமும் கண்ணைக் கவரும். ஆயினும் அங்கே நாம் எத்தனை காலம், எவ்வித உரிமையோடு வாழலாம் என்பதைப் பளிங்கு சொல்லாது, பத்திரமே சொல்லும். உத்தியோக மாற்றத்தால் பலரும் குடிபெயரும் மும்பையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மும்பையில் வீடுகள் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்னும் ஒப்பந்தத்தின் பேரில் விடப்படுகின்றன. பேச்சில் இதையும் வாடகை என்றே வழங்குகிறோம். சட்டத்தின் கண்ணில் இது அனுமதி மட்டுமே. குத்தகைக்கு இலக்கணம் வகுத்தது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். அனுமதிக்கு இலக்கணம் வகுத்தது அதே ஆண்டில் பிறந்த ஈஸ்மெண்ட் சட்டம். குத்தகையில் வீட்டை அனுபவிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு மாறுகிறது. அனுமதியில் சொத்தின் மீது எவ்வுரிமையும் மாறுவதில்லை. தங்கியிருக்க இசைவு மட்டுமே கிடைக்கிறது.

இவ்வழக்கம் வேரூன்றக் காரணமும் உண்டு. 1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்திக் குடியிருப்போருக்கு உறுதியான பாதுகாப்பு அளித்தது. வீடு திரும்பக் கிடைக்குமோ என்று அஞ்சிய உரிமையாளர்கள் அனுமதி முறையை நாடினர். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதிக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து உரிய அதிகாரியின் வாயிலாக வீட்டை மீட்க வழிசெய்தது. அதுவரை தங்கிய நாட்களுக்கு இருமடங்கு கட்டணம் நட்டஈடாகச் செலுத்த நேரிடும். ஆகவே, குழந்தைகளின் பள்ளியாண்டு நடுவே ஒப்பந்தம் முடியாதவாறு காலத்தை வரையறுத்துக்கொள்வது நலம்.

அதே சட்டம் நமக்கும் ஒரு கேடயம் தருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. பதிவு செய்யாவிடில், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே ஏற்கப்படும்.

இனி, புதிய கட்டடத்துக்கே உரிய சில செய்திகள். முதலாவது, குடிபுகலாம் என்று நகராட்சி அளிக்கும் சான்றிதழ். அதன் நகலைக் காணாமல் முன்பணம் தருதல் ஆகாது. வர்லியிலுள்ள காம்பா கோலா வளாகத்தில் அனுமதியின்றி எழுந்த மேல்மாடிகளைப் பற்றி 2013-இல் உச்ச நீதிமன்றம் பாதகமாகத் தீர்ப்பளித்தது. 2014 ஜூனில் அவ்வீடுகளின் குடிநீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோர் வெளியேற நேர்ந்தது.

இரண்டாவது, பரப்பளவு. விளம்பரத்திலுள்ள சதுர அடிக் கணக்கில் மாடிப்படியும் நடைபாதையும் சேர்ந்திருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட்' பரப்பு இன்னதென வரையறுத்துள்ளது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரா, உட்சுவர்கள் சேரும். அந்த அளவையே கேட்டறிக.

மூன்றாவது, குறைபாடுகள். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் அவ்வுரிமை வீட்டை வாங்கியவருடையது. முதல் மழையில் சுவர் கசிந்தால் உரிமையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்றேல், காலிசெய்யும் நாளில் அக்கறை நம் முன்பணத்தில் கழியலாம்.

மாதக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தனிநபரும் வருமான வரி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 2017-இல் 5 சதவீதமாயிருந்த இப்பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதமாயிற்று. உரிமையாளர் வெளிநாட்டில் வாழ்பவராயின் விதி வேறு.

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு முன்பணம் 2 மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. அது மாதிரியே, மாநிலம் சட்டமாக்கினால்தான் செல்லும். எனவே முன்பணம் எவ்வளவு, எதற்காகப் பிடிக்கலாம், எத்தனை நாளில் திரும்பும், பராமரிப்புக் கட்டணம் யாருடையது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிப் பெறுதல் வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பார்க்க அரைமணி போதும். பத்திரத்தைப் படிக்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோமாக.