கோழிக் குடலுக்குள் ஓமம்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய கறிக்கடைகளில் காலை வியாபாரம் சூடாக நடக்கும். கோழியை உரித்து வயிற்றைக் கீறியதும் ஈரலும் போட்டா என்கிற இரைப்பையும் தனியே வரும். போட்டாவைப் பிளந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலை நகத்தால் உரித்தெடுத்துவிட்டு எடைக்குப் போடுவார்கள். குடல் மட்டும் தராசைப் பார்க்காமலே கழிவு டிரம்முக்குப் போய்விடும். அந்தக் கோழி எவ்வளவு எடை ஏறியது, வளர்த்தவருக்கு என்ன கூலி நின்றது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் குடலுக்குள் முடிவான கணக்குகள்.

40 கிராம் பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. பல்லடத்துப் பண்ணைகளைப் போலவே மும்பையைச் சுற்றியும் ஒப்பந்த வளர்ப்பு உண்டு. குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதுதான் எஃப்.சி.ஆர். அது 1.6-லிருந்து 1.7-க்கு ஏறினாலே கூலி இறங்கும்.

சிறுகுடலின் உள்சுவர் முழுக்க, மில்லிமீட்டர் உயரத்தில் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. சத்தை உறிஞ்சுவது அவைதான். அவற்றின் மேல்தோல் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து புதிதாக முளைக்கும். நோய்க்கிருமி பெருகினால் உறிஞ்சிகள் மழுங்கிவிடும். தின்ற மக்காச்சோளம் தின்றபடியே வெளியே வரும். பழகிய பண்ணைக்காரர் இதைக் குடலைப் பார்க்காமலே, கொட்டகைத் தரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வெள்ளைத் தொப்பி வைத்த கெட்டி எச்சம் நல்லது. இடையிடையே பழுப்பாகக் கூழ்போல விழுவது குருட்டுக்குடல் எச்சம், அதற்கும் பயப்பட வேண்டாம். ஆரஞ்சு நிறச் சளியோ ரத்தமோ தெரிந்தால்தான் ஓட வேண்டும்: ரத்தக்கழிச்சலோ, கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா குடல்தோலை அரிக்கும் நோயோ தொடங்கியிருக்கலாம்.

இதற்கெல்லாம் நீண்ட காலம் ஒரே பதில்தான் இருந்தது. 1950-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ்டாடும் ஜூக்ஸும், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பின் மிஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் கூடுதலாக வளர்வதை அறிவித்தார்கள். அதிலிருந்து ஆன்டிபயாடிக் தீவனத்தோடு கலந்துவிட்டது. விலை பின்னால் தெரிந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதலும், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை முழுக்க நிறுத்தின. டெல்லியில் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2014-ல் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் விற்க இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது.

காலியான அந்த இடத்துக்குத்தான் செடிச்சாறுகள் போட்டி போடுகின்றன. ஓமத்திலுள்ள தைமால், ஆரிகனோவின் கார்வக்ரால், பட்டையின் சின்னமால்டிஹைடு, பூண்டின் அல்லிசின் என்று பட்டியல் நீளும். தைமால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து கிருமி சாகிறது. மிளகாயும் உண்டு. காரத்தை உணரும் புரதம் கோழியிடம் இருந்தாலும் கேப்சைசினுக்கு அது அசைவதில்லை. நம் நாக்கு துடிக்கிற அளவைக் கோழி சாவகாசமாகக் கொத்தும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாசனை எண்ணெய்கள் எளிதில் ஆவியாகும். தீவனத்தைக் குச்சித் துண்டுகளாக அழுத்தும்போது படும் நீராவிச் சூட்டிலேயே ஒரு பங்கு பறந்துவிடும். மிஞ்சியதையும் குடலின் மேல்பகுதியே உறிஞ்சிக்கொள்ளும். கிருமிகள் கூடுகட்டியிருக்கும் கீழ்க்குடலுக்கும் குருட்டுக்குடலுக்கும் வந்து சேர்வது சொற்பம். டன் தீவனத்துக்கு நூறு, இருநூறு கிராம் எண்ணெய் சேர்ப்பதே வழக்கம் என்பதால் இந்த இழப்பைத் தாங்க முடியாது.

இங்கே வேதிப் பொறியியல் உள்ளே வருகிறது. பழைய மும்பைக்காரர்கள் இன்னும் யு.டி.சி.டி. என்றே சொல்லும், 1933-ல் தொடங்கிய மாட்டுங்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியில் மஞ்சளிலிருந்து குர்குமினையும் மிளகிலிருந்து பைப்பரினையும் பிரித்தெடுக்கும் வழிகளைக் கைக்கர் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். 2005-ல் அங்கேயே ரேகா சிங்கால் குழு ஏலக்காய்ச் சாற்றைக் கோந்து, மாற்றிய மாவுச்சத்துக் கலவைகளுக்குள் பொதித்துப் பார்த்தது. கோழிக்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. ஆனால் தீவனச் சேர்க்கைக்குத் தேவைப்படும் உத்தியும் இதே வகைதான்: எண்ணெய்த் துளியைக் கொழுப்பு உறைக்குள் அடைத்துவிட்டால் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் தாண்டி, கொழுப்பைச் செரிக்கும் நொதி இருக்கும் சிறுகுடலில்தான் அது உடையும்.

ஒரே ஓமம் என்றாலும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் தைமால் அளவு மாறும். ஆகவே மூட்டையில் பெரிய எழுத்தில் ‘மூலிகை’ என்று அச்சிட்டிருப்பதைவிட, எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்ற சின்ன எழுத்தைப் படிப்பதே புத்திசாலித்தனம். ஒரு பண்ணையில் நல்ல பலன் தந்தது அடுத்த பண்ணையில் ஒன்றும் செய்யாமல் போவதும் உண்டு. குடிநீர்க் குழாய் ஒழுகி, கீழே விரித்த உமி நனைந்து கிடக்கும் கொட்டகையில் எந்தச் சாறும் எடுபடாது. புழக்கடை நாட்டுக்கோழிக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லியை அரைத்து உருட்டிக் கொடுக்கும் கைவைத்தியத்தை வெள்ளைக்கழிச்சலுக்காகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது வைரஸ் நோய் என்பதால் அந்த உருண்டை தடுப்பூசிக்கு மாற்றல்ல; குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட்டாக வேண்டும்.