பத்து கோடி நட்சத்திரங்கள்!

படம் பார்த்து முடித்ததும், 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், என்ன சொல்வீர்கள் குட்டீஸ்? 'சூப்பர்', 'சுமார்', 'செம அறுவை' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவீர்கள் அல்லவா? அந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக, 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி நடந்த கதை தெரியுமா?

இன்று படத்தை மொபைல் போனிலேயே பார்த்து விடுகிறோம். 20 ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. கடைக்குப் போய் 'சிடி' அல்லது 'டிவிடி'யை வாடகைக்கு எடுத்து வர வேண்டும். அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்... தட்டில் கீறல் விழுந்து, முக்கியமான கட்டத்தில் படம் சிக்கி நின்ற கதையைச் சிரித்தபடி சொல்வர்.

வீட்டு அலமாரியில் பழைய டிவிடி இருந்தால், எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் தெரியும். 12 செ.மீ., அகலமுள்ள அந்தத் தட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குழிகள், சுருள் சுருளாக வரிசையில் உள்ளன. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள், கிட்டத்தட்ட 100 வரிசைகள் அடங்கி விடும்! அதன் மீது சிவப்பு நிற லேசர் ஒளி பட்டால், குழி உள்ள இடத்தில் மங்கலாகவும், இல்லாத இடத்தில் பளிச்சென்றும் திரும்பி வரும். இந்த மாற்றத்தைக் கணக்கிட்டு, படமாகவும், ஒலியாகவும் மாற்றித் தருகிறது கருவி.

டிவிடி, 1996ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவில், ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ப் என்ற இருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 'இந்தத் தட்டு லேசாகத் தானே இருக்கிறது... தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டால் என்ன?' வழியில் உடைந்து விடுமோ என்ற சந்தேகம் வந்தது. ஒரு பாட்டு சிடியை உறையில் போட்டு, ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்கே தபாலில் அனுப்பிப் பார்த்தனர். உடையாமல் வந்து சேர்ந்தது!

அப்படிப் பிறந்தது தான், 'நெட்பிளிக்ஸ்' நிறுவனம். 1998ல் டிவிடிகளைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. பின், மாதச் சந்தா முறை வந்தது. படத்தைப் பார்த்து விட்டு, தட்டைத் தபாலில் திருப்பி அனுப்பினால், உங்கள் பட்டியலில் உள்ள அடுத்த படம், சிவப்பு உறையில் வீடு தேடி வரும்.

இதில் ஒரு சிக்கல். கடையில் என்றால், அங்கிருக்கும் அண்ணன், 'போன வாரம் எடுத்த படம் பிடிச்சுதா? அப்ப இதையும் பாரு...' என்று எடுத்துக் கொடுப்பார். தபாலில் வரும் படத்துக்கு யார் அப்படிச் சொல்வது?

அதற்கு, பார்த்தவர்களின் கருத்தையே கேட்டது நிறுவனம். படம் அல்லது 'டிவி' தொடர் பிடிக்கவே இல்லையா? ஒரு நட்சத்திரம். ரொம்பப் பிடித்ததா? ஐந்து நட்சத்திரம். அவ்வளவு தான்!

இந்த நட்சத்திரங்களை வைத்து, உங்களுக்குப் பிடிக்கும் படத்தை எப்படிச் சொல்ல முடியும்?

இப்படி நினைத்துப் பாருங்கள்... ஒரே 10 படங்களுக்கு, நீங்களும், உங்கள் தோழியும் தனித்தனியே நட்சத்திரம் போடுகிறீர்கள். எட்டு படங்களுக்கு, இருவர் மார்க்கும் ஒன்றாக உள்ளது. அடுத்து, நீங்கள் பார்க்காத ஒரு படத்துக்கு, அவள் ஐந்து போடுகிறாள். அந்தப் படம் உங்களுக்கும் பிடிக்கலாம் தானே? இதைப் பல லட்சம் பேரை வைத்துக் கணக்கிட்டது, நெட்பிளிக்சின், 'சினிமேட்ச்' என்ற கணினி நிரல். ஆனால், அதன் கணிப்பு, சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு நட்சத்திர அளவுக்குத் தவறிப் போனது.

'இந்தத் தவறை, 10 சதவீதம் குறைத்துக் காட்டுங்கள். 10 லட்சம் டாலர் பரிசு' என, அக்டோபர் 2006ல் அறிவித்தது நிறுவனம். போட்டியாளர்கள் பழகிப் பார்ப்பதற்காக, 4.8 லட்சம் பேர், 17,770 தலைப்புகளுக்குப் போட்ட, 10 கோடி நட்சத்திரங்களை வெளியிட்டது!

உலகெங்கும், 180க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து போட்டியிட்டனர். ஒரே வாரத்தில், சினிமேட்ச்சை முந்தி விட்டது ஒரு குழு. 'அட, சுலபம் தான் போல' என்று நினைத்தனர். ஆனால், ஓராண்டு கழித்து, முன்னணிக் குழு எட்டியது, 8.43 சதவீதம், இரண்டாம் ஆண்டில், 9.44 சதவீதம். மலை ஏறுவது போலத் தான்... உச்சி நெருங்க நெருங்கக் கஷ்டம்!

ஏன் அவ்வளவு கஷ்டம்? மனிதர்கள் கணக்கு போல் நடப்பதில்லையே! இன்று ஐந்து போட்டவர், நாளை அதே மாதிரி படத்துக்கு மூன்று போடுவார். ஒரே கணக்கில், அப்பாவும், மகளும் மாறி மாறி நட்சத்திரம் போடுவர். 2004ல் வந்த, 'நெப்போலியன் டைனமைட்' என்ற நகைச்சுவைப் படம், எல்லாருக்கும் தலைவலி தந்தது. பலர் அதற்கு ஐந்து போட்டனர் அல்லது ஒன்று போட்டனர். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று, கணினியால் சொல்லவே முடியவில்லை!

எதிரிகளாக இருந்த குழுக்கள், கடைசியில் கைகோர்த்தன. தனித்தனியே செய்த கணிப்புகளைக் கலந்தால், தவறு குறைவதைக் கண்டுபிடித்திருந்தனர். ஜூலை 26, 2009ல், கடைசி நிமிடங்களில், இரண்டு பெரிய குழுக்கள் விடைகளை அனுப்பின. சோதித்தால், இரண்டும் ஒரே மார்க்! யாருக்குப் பரிசு தெரியுமா? 20 நிமிடம் முன்னதாக அனுப்பிய, ஏழு பேர் குழுவுக்கு!

பரிட்சைத் தாளைக் கடைசி மணி அடிக்கும் வரை பிடித்துக் கொண்டிருப்பவர்கள், இதைக் கவனிக்கவும்!

கதை இத்துடன் முடிந்தால், 'சுபம்' போட்டு விடலாம். ஆனால், இடையில் வேறொன்று நடந்தது.

வெளியிட்ட அந்தப் பட்டியலில், யார் பெயரும் இல்லை. வெறும் எண்கள் தான். 'பெயர் இல்லையே, என்ன பயம்?' என்று நினைத்தனர். சென்னை ஐ.ஐ.டி.,யில் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த அரவிந்த் நாராயணன் என்பவரும், அவரது பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும், அதைச் சோதித்துப் பார்த்தனர்.

ஒருவர் மார்க் போட்ட எட்டு படங்களும், ஏறத்தாழ எந்த நாளில் போட்டார் என்பதும் தெரிந்தால் போதும். லட்சக்கணக்கானோர் நடுவில், அநேகமாக அவரைத் தனியே பிரித்து எடுத்து விடலாம் என்று காட்டினர். சிலர், இன்னொரு இணைய தளத்தில், எல்லாரும் பார்க்கும்படி படங்களுக்கு மார்க் போட்டிருந்தனர். இரண்டையும் ஒப்பிட்டதில், எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் தெரிந்து போனார். ரகசியமாகப் பார்த்த படங்களும் அம்பலம்!

'என் வீட்டில் நான் என்ன பார்க்கிறேன் என்பது, என் சொந்த விஷயம்' என்று வழக்கு தொடுத்தனர். நடத்துவதாக இருந்த இரண்டாவது போட்டியை, மார்ச் 2010ல் கைவிட்டது நிறுவனம்.

வென்ற குழுவின் முழுக் கணக்கு முறையையும், நிறுவனம் பயன்படுத்தவில்லை. அதற்குள், தட்டு போய், இணையம் வழியே படம் பார்க்கும் காலம் வந்து விட்டது. 2017ல், ஐந்து நட்சத்திரம் போய், கட்டை விரல் வந்தது. செப்டம்பர் 29, 2023ல், கடைசி சிவப்பு உறையும் தபாலில் போனது. அதுவரை அனுப்பிய தட்டுகள், 500 கோடிக்கும் மேல்!

இந்த விளையாட்டை, நீங்களும் வீட்டில் ஆடலாம். எல்லாரும் பார்த்த ஐந்து படங்களின் பெயரை எழுதுங்கள். அப்பா, அம்மா, தம்பி, பாட்டி எல்லாரும், மற்றவருக்குத் தெரியாமல், ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடட்டும். அதற்கு முன், யார் எதற்கு எத்தனை போடுவர் என்று, நீங்கள் எழுதி வையுங்கள். எத்தனை தவறுகிறது என்று பாருங்கள். கூடவே வாழும் பாட்டிக்கு, நீங்கள் நினைத்தே பார்க்காத படம் பிடித்திருக்கலாம்!

பிறர் போட்ட மார்க்கைப் பார்த்து, உங்கள் மார்க்கை மாற்றாதீர்கள். ஊரே கொண்டாடிய படம், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், தப்பே இல்லை. ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் யோசியுங்கள்.

இன்னொன்று... இணையத்தில் கருத்து எழுதும் முன், 'இதை முன் பின் தெரியாத ஒருவர் படித்தாலும் பரவாயில்லையா?' என்று ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள். பெயர் போடா விட்டாலும், நம் விருப்பங்களே நம்மைக் காட்டிக் கொடுத்து விடும்.

என்ன குட்டீஸ்... பேப்பர், பேனா எடுத்து விட்டீர்களா? முதல் மார்க் யாருடையது?