மென்பொருள் சுவிட்ச் வழியாக மெய்நிகர் கணினிகளை வலையமைப்பில் இணைத்தல்

மென்பொருள் சுவிட்ச் என்பது, ஒரே கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினிகளை ஒன்றோடொன்றும் வெளி வலையமைப்போடும் இணைப்பதற்காக, அக்கணினியின் இயங்குதளம் தன் நினைவகத்துக்குள்ளேயே நடத்தும் ஈதர்நெட் சுவிட்ச் ஆகும். அலுவலகங்களில் நாம் காணும், பல துளைகள் கொண்ட சுவிட்ச் பெட்டி செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே பெட்டியும் இல்லை, கம்பியும் இல்லை.

இக்கட்டுரை லினக்ஸில் உள்ள 'பிரிட்ஜ்' எனும் மென்பொருள் சுவிட்சை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது. மெய்நிகர் கணினிகளைத் தாங்கி நிற்கும் உண்மைக் கணினி இங்கே ஹோஸ்ட் எனப்படுகிறது.

உறுப்புகள்

ஒரு மெய்நிகர் கணினிக்குள் நுழைந்து பார்த்தால் அதற்கென ஒரு வலையமைப்பு அட்டை தெரியும். அது மென்பொருளால் ஆன அட்டை. கேவிஎம் முறையில் பழைய இன்டெல் அட்டையைப் போல நடிக்கும் 'இ1000' வகையையும் தேர்ந்தெடுக்கலாம். மெய்நிகராக்கத்துக்கென்றே உருவான 'விர்ட்ஐஓ' வகையையும் தேர்ந்தெடுக்கலாம். பின்னதே வேகமானது. இயங்குதளத்தில் அதற்குரிய இயக்கி இல்லாதபோது மட்டும் முன்னதை நாடினால் போதும்.

அந்த அட்டையிலிருந்து புறப்படும் கற்பனைக் கம்பியின் மறுமுனை ஹோஸ்ட் கணினியில் 'டேப்' எனும் இடைமுகமாகத் தெரிகிறது. மெய்நிகர் கணினி அனுப்பும் ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகமும் இந்த டேப் வழியாகவே ஹோஸ்டுக்குள் வந்து சேரும். டேப்பை பிரிட்ஜில் ஒரு போர்ட்டாகச் சேர்த்துவிட்டால், கம்பியைச் சுவிட்சில் செருகியதற்குச் சமம். ஹோஸ்டின் உண்மையான அட்டையையும் இன்னொரு போர்ட்டாகச் சேர்த்தால், உள்ளே இருக்கும் மெய்நிகர் கணினிகள் வெளி வலையமைப்புக்கு நேரடியாக வந்துவிடுகின்றன. அங்குள்ள ரூட்டர், தனிக் கணினி ஒன்றுக்குத் தருவதுபோலவே அவற்றுக்கும் ஐ.பி. முகவரி தருகிறது.

சுவிட்ச் எவ்வாறு கற்கிறது

தொடக்கத்தில் பிரிட்ஜுக்கு யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஒரு சட்டகம் வந்ததும், அதை அனுப்பியவரின் மேக் முகவரியையும் அது நுழைந்த போர்ட்டையும் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுபவரின் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால் வந்த போர்ட் நீங்கலாக எல்லாவற்றுக்கும் அனுப்பும். புதிதாக வந்த வகுப்பாசிரியர் பெயரைக் கூப்பிட்டு, எந்த வரிசையிலிருந்து 'உள்ளேன் ஐயா' என்று குரல் வருகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வதைப் போன்றது இது. லினக்ஸ் பிரிட்ஜில் 300 வினாடிகள் ஒருவரிடமிருந்து எதுவும் வராவிட்டால் அவருடைய குறிப்பு அழிக்கப்படும். இது மாற்றக்கூடிய இயல்பு அளவு.

மேக் முகவரியின் முதல் மூன்று பகுதிகளைக் கொண்டே மெய்நிகர் கணினியைப் பெரும்பாலும் அடையாளம் காணலாம். கேவிஎம், கியூஎமு கணினிகள் வழக்கமாக 52:54:00 என்றும், விர்ச்சுவல்பாக்ஸ் கணினிகள் 08:00:27 என்றும் தொடங்கும். விஎம்வேரில் 00:50:56 என்பது பரவலாகக் காணப்படும்.

ஐ.பி. முகவரியை இடம் மாற்றுதல்

புதிதாகக் கற்பவர்கள் மிகுதியும் தவறுவது இந்த இடத்தில்தான். ஹோஸ்டின் அட்டைக்கு 192.168.1.10 என்ற முகவரி இருக்கிறது என்று கொள்வோம். அந்த அட்டையை பிரிட்ஜில் சேர்த்த கணமே, அட்டைக்குள் வரும் சட்டகங்கள் எல்லாம் நேரே பிரிட்ஜின் கைக்குப் போய்விடுகின்றன. அட்டை இப்போது வெறும் ஒரு துளை; அதன்மேல் எழுதியிருக்கும் ஐ.பி. முகவரி பெயருக்கு இருக்குமே தவிர பயன்படாது. ஹோஸ்ட் தொடர்ந்து பேச வேண்டுமானால் அந்த முகவரி பிரிட்ஜ் இடைமுகத்துக்கு மாற வேண்டும். வெளியே செல்லும் இயல்பு வழியையும் பிரிட்ஜ் வழியாகவே அமைக்க வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வெறும் பிரிட்ஜை உருவாக்கி இயக்க வேண்டும், அட்டையிலுள்ள ஐ.பி. முகவரியை நீக்க வேண்டும். அட்டையை பிரிட்ஜில் சேர்க்க வேண்டும். அதே முகவரியை பிரிட்ஜுக்கு அளித்து, இயல்பு வழியையும் குறிக்க வேண்டும். இந்த நான்கு படிகளுக்கு நடுவே சில கணங்கள் ஹோஸ்டுக்கு வலையமைப்பே இருக்காது. கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிதல்ல. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவருக்கோ இரண்டாவது கட்டளையோடு இணைப்பு அறுந்துவிடும். மூன்றாவதை இட வழியிருக்காது. மாடியில் இருந்த கணினியைக் கீழ்த்தளத்தில் இருந்தபடி இவ்வாறு அமைக்கப்போய்ப் படியேற நேர்ந்த அனுபவம் இதை எழுதுபவருக்கு உண்டு. மாடி என்பதால் போயிற்று. வேறு ஊரில் இருந்திருந்தால் பயணச்சீட்டு எடுத்திருக்க வேண்டும்.

இதற்குப் பாதுகாப்பான வழி, நான்கு கட்டளைகளையும் ஒரே கோப்பில் எழுதி, இணைப்பு அறுந்தாலும் பின்னணியில் தொடர்ந்து ஓடும்படி ஒன்றாக இயக்குவது. அதற்கு முன்பே, 10 நிமிடம் கழித்துக் கணினி மறுதொடக்கம் ஆகும்படியும் சொல்லி வைக்கலாம். கட்டளையாக இட்ட மாற்றங்கள் மறுதொடக்கத்தில் நிலைக்காது என்பதால், தவறு நேர்ந்தாலும் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டு, நிலையான அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.

விண்டோஸின் ஹைப்பர்-வியில் 'எக்ஸ்டர்னல்' வகைச் சுவிட்சை உருவாக்கும்போதும் இதே இடமாற்றம் நடக்கிறது. அங்கே ஹோஸ்டுக்கென ஒரு மெய்நிகர் அட்டை தானாகவே உருவாகி, ஐ.பி. அமைப்புகள் அதற்கு மாறிவிடுகின்றன. ஹோஸ்டும் அட்டையைப் பகிரலாம் என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டால், அந்த அட்டை வழியாக ஹோஸ்ட் வெளியே போக முடியாது.

பிற இணைப்பு முறைகள்

எல்லோருக்கும் பிரிட்ஜ் தேவைப்படாது. லிப்வர்ட் மென்பொருள் நிறுவப்பட்டதும் தரும் இயல்பு வலையமைப்பிலும் ஒரு மென்பொருள் சுவிட்ச் உண்டு. ஆனால் உண்மையான அட்டை அதில் சேர்க்கப்படுவதில்லை. ஹோஸ்ட் 192.168.122.1 என்ற முகவரியோடு ரூட்டராக நின்று, முகவரி மாற்றம் செய்து வெளியே அனுப்புகிறது. மெய்நிகர் கணினிகள் இணையத்துக்குப் போகலாம். வெளியிலிருப்பவர் நேராக உள்ளே வர முடியாது.

விர்ச்சுவல்பாக்ஸின் 'நாட்' முறை இதைப் போலத் தோன்றினாலும் வேறானது. அங்கே ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனித்தனி ரூட்டர் உண்டு. எல்லாக் கணினிகளும் 10.0.2.15 என்ற ஒரே முகவரியைக் காட்டுவதும், ஒன்றையொன்று காண முடியாமல் இருப்பதும் அதனால்தான். இரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்து வலையமைப்புப் பாடம் பயில நினைக்கும் மாணவர்கள் இதில் சிக்கி நேரத்தை இழக்கின்றனர். அவர்களுக்கு 'இன்டர்னல் நெட்வொர்க்' அல்லது 'ஹோஸ்ட் ஒன்லி' முறையே ஏற்றது.

அடிக்கடி நேரும் சிக்கல்கள்

மடிக்கணினியின் வைஃபை அட்டையை லினக்ஸ் பிரிட்ஜில் சேர்க்க முயன்றால் பெரும்பாலும் பலிக்காது. வைஃபை நிலையம் தன்னிடம் பதிவு செய்த மேக் முகவரியிலிருந்து வரும் சட்டகங்களையே ஏற்கும். மெய்நிகர் கணினியின் முகவரி அதற்கு அந்நியம். வைஃபை மட்டுமே உள்ளவர்கள் நாட் முறையை ஏற்றுக்கொள்வது நலம். அலுவலகங்களிலும் இதைப் போன்ற தடை உண்டு. ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் முகவரி என்று கட்டுப்படுத்தப்பட்ட சுவிட்ச், இரண்டாவது முகவரியைக் கண்டதும் அந்தப் போர்ட்டையே மூடிவிடலாம். எனவே அலுவலக வலையமைப்பில் பிரிட்ஜ் அமைக்கும் முன் நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெய்நிகர் கணினியை நகலெடுக்கும்போது மேக் முகவரியும் நகலானால், சுவிட்சின் அட்டவணை இரு போர்ட்டுகளுக்கு இடையே மாறி மாறித் தடுமாறும். இரண்டு கணினிகளும் விட்டுவிட்டு வேலை செய்யும்; காரணம் எளிதில் பிடிபடாது. மேக் முகவரியை மாற்றிய பிறகும் இரண்டுக்கும் ஒரே ஐ.பி. கிடைத்தால், லினக்ஸில் 'மெஷின் ஐடி' எனும் அடையாள எண்ணும் நகலாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வெளியீடுகள் டிஹெச்சிபி சேவையகத்திடம் அந்த எண்ணைக் கொண்டே தம்மை அடையாளம் காட்டுகின்றன.

சுற்றுப்பாதை ஏற்படாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்டார். லினக்ஸ் பிரிட்ஜில் அதை இயக்கினால், புதிய போர்ட் ஒன்று சட்டகங்களைக் கடத்தத் தொடங்க இயல்பாக 30 வினாடிகள் ஆகும். அதற்குள் மெய்நிகர் கணினி முகவரி கேட்டு அலுத்துவிடலாம். ஒரே ஒரு அட்டை உள்ள ஹோஸ்டில் இது பொதுவாகத் தேவையில்லை.

டாக்கர் நிறுவிய பின் பிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால், டாக்கர் தீச்சுவரில் கடத்தலை மறுக்கும் கொள்கையை அமைத்திருக்கக்கூடும். பிரிட்ஜ் வழியே செல்பவையும் தீச்சுவருக்கு உட்படும்படி கெர்னல் அமைந்திருந்தால் அவையும் தடுக்கப்படும்.

பல ஹோஸ்டுகளில் நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளை நடத்துவோர் ஓப்பன் விசுவிட்ச் என்ற விரிவான மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். இதன் கெர்னல் பகுதி 2012இல் லினக்ஸ் 3.3 பதிப்பில் சேர்ந்தது. வீட்டிலோ பள்ளியிலோ நான்கைந்து கணினிகளுக்கு பிரிட்ஜே போதும்.

பழுது காணல்

சட்டகம் எங்கே காணாமற்போகிறது என்று அறிய, மெய்நிகர் கணினியிலிருந்து ரூட்டருக்குப் 'பிங்' அனுப்பியபடி, ஹோஸ்டில் டிசிபிடம்ப் கருவியால் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: முதலில் டேப், அடுத்து பிரிட்ஜ், பின்பு உண்மையான அட்டை. டேப்பிலேயே ஒன்றும் தெரியாவிட்டால் பிழை மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறது. டேப்பில் தெரிந்து அட்டையில் தெரியாவிட்டால், டேப் பிரிட்ஜில் சேர்ந்திருக்கிறதா, தீச்சுவர் தடுக்கிறதா என்று பார்க்கலாம். அட்டையில் வெளியே போவது தெரிந்து விடை மட்டும் வரவில்லையென்றால், தேட வேண்டிய இடம் ஹோஸ்டுக்கு வெளியே உள்ள சுவிட்ச் அல்லது ரூட்டர்.