நுரையீரலில் 5 மி.மீ. புள்ளி: பழைய ஸ்கேனைத் தேடி எடுங்கள்

சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றை சிடி ஸ்கேன் எடுத்திருப்பார்கள். நுரையீரலின் அடிப்பகுதியும் அதில் சேர்ந்து விழும். ரிப்போர்ட்டின் கடைசியில் ‘வலது நுரையீரலில் 5 மி.மீ. நாட்யூல்’ என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் ஏராளம். ஆனால், இவ்வளவு சிறிய புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

அமெரிக்காவில் நெடுநாள் புகைத்த 53 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. சிடியில் சந்தேகம் எழுந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய் இல்லை என்றே முடிந்தது. புகைபிடிக்கிறவர்களுக்கே இப்படி.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கினர் இந்தியர்கள். எப்போதோ வந்து தானாக ஆறிய காசநோயின் தழும்பும் ஸ்கேனில் புள்ளியாகத் தெரியும். நடுவிலோ முழுவதுமோ சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஓரம் முள்முள்ளாக இருந்தால், மேல் மடலில் இருந்தால், புகைப்பழக்கமும் இருந்தால் டாக்டர் கூடுதல் கவனம் எடுப்பார்.

6 மி.மீ.க்கும் குறைவான திடமான புள்ளிக்கு, ஆபத்துக் காரணிகள் இல்லாதவர் மறு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை என்கிறது மார்பு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃபிளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல். 6 முதல் 8 மி.மீ. என்றால் 6–12 மாதங்களில் மறு ஸ்கேன். 8-ஐத் தாண்டினால் 3 மாதத்தில் சிடி, அல்லது பெட் ஸ்கேன், பயாப்ஸி. 35 வயதுக்கு உட்பட்டவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

‘உடனே ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்துவிடலாமே?’ என்று வீட்டார் கேட்பது இயல்பு. இத்தனை சிறிய புள்ளியில் ஊசியைச் சரியாகச் செலுத்துவது கடினம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியவும் கூடும். பெட் ஸ்கேனும் இந்த அளவில் நம்பத்தக்கதல்ல. போதாக்குறைக்கு, காசநோயும் அதில் புற்றுநோய் போலவே ஒளிரும்.

வளர்ச்சிதான் உண்மையைச் சொல்லும். 6 மி.மீ. புள்ளி 7.5 ஆனாலே அதன் கன அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. திடமான புற்றுக்கட்டி இப்படி இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாட்கள் ஆகும். பதற்றத்தில் மாதாமாதம் ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சுதான் மிச்சம். அத்தனை நுண்ணிய வித்தியாசத்தை அளக்க முடியாது. திடமான புள்ளி இரண்டு ஆண்டுகள் வளராமல் இருந்தால் பொதுவாகக் கவலை தீர்ந்தது. தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரிபவை மெதுவாக வளர்பவை என்பதால், அவற்றை 5 ஆண்டுவரை பார்ப்பார்கள்.

கோவிட் காலத்தில் எடுத்த மார்பு சிடி பீரோவில் இருக்கிறதா? ரிப்போர்ட் மட்டும் போதாது. ஃபிலிமையும் குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். 2021-இலும் அதே இடத்தில் அதே அளவில் புள்ளி இருந்தால், டாக்டர் அன்றே உங்களைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.