பொய்யரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாத அவை

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஓர் உறுப்பினர் இன்னொருவரை 'லையர்', அதாவது பொய்யர், என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவைத்தலைவர் அதைத் திரும்பப் பெறச் சொல்வார். மறுப்பவர் அன்றைக்கு அவையை விட்டு வெளியேற வேண்டியதுதான். 2021 ஜூலை 22 அன்று தொழிற்கட்சியின் டான் பட்லர், பிரதமர் போரிஸ் ஜான்சன் திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறார் என்றார், வார்த்தையைத் திரும்பப் பெற மறுத்தார், வெளியேற்றப்பட்டார். குற்றம் சாட்டியவருக்குத்தான் தண்டனை என்றால், விதி பொய்க்குக் குடை பிடிக்கிறது என்றுதானே தோன்றும்? ஆனால் கோளாறு விதியில் இல்லை. அந்த விதிக்குத் துணையாக இருக்க வேண்டிய விசாரணை, ஆளுங்கட்சியின் தயவை நம்பி நிற்பதில்தான் இருக்கிறது.

'லை' என்ற ஆங்கிலச் சொல்லின் கனம் அப்படி. சொன்னது தவறாக இருந்தால் மட்டும் போதாது; தவறென்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும், ஏமாற்றும் நோக்கமும் இருக்க வேண்டும். முதலாவதை ஆவணத்தைக் காட்டி அங்கேயே நிறுவலாம். மற்ற இரண்டும் சொன்னவரின் மனத்துக்குள் இருப்பவை; கூச்சலுக்கு நடுவே அவற்றை நிறுவ முடியாது. இந்தக் கனத்துக்கு அஞ்சியே ஆங்கில அரசியலில் இடக்கரடக்கல்கள் பெருகின. 1986இல் முன்னாள் உளவு அதிகாரி ஒருவரின் 'ஸ்பைகேட்சர்' நூல் மீதான வழக்குக்காக சிட்னி நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஒரு கடிதம் தவறான எண்ணத்தைத் தந்ததே தவிர அது பொய்யல்ல என்றார். உண்மையைச் சிக்கனமாகக் கையாண்டது என்று அதற்கு விளக்கமும் தந்தார். அந்தத் தொடர் இன்றுவரை கேலிக்குரியதாகவே வழங்குகிறது. மழுப்பல் அங்கதமாக மாறியதைப் பார்த்தால், சொல்லைத் தடுப்பதால் மட்டும் பொய் தப்பிவிடுவதில்லை என்று தெரிகிறது.

அப்படியானால் பொய் சொல்பவரை அவை எப்படித்தான் பிடிப்பது? தனித் தீர்மானம் கொண்டுவந்து குற்றம் சாட்ட வழி இருக்கிறது. 1963 மார்ச்சில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணுடனான பழக்கத்தில் முறைகேடு ஏதும் இல்லை என்று அவையில் சொன்னார். ஜூனில் உண்மையை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவர் அவையை அவமதித்தார் என்று மக்களவையே தீர்மானித்தது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் விதிகளை மீறிப் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள் பற்றி ஜான்சன் அவையில் சொன்னவையும் (பட்லர் சுட்டியவை வேறு) அவையின் உரிமைக் குழுவின் விசாரணைக்குப் போயின. அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று குழு முடிவு செய்தது. 2023 ஜூன் 19 அன்று 354 பேர் அதை ஏற்றார்கள். எதிர்த்தவர்கள் 7 பேர்.

பெரும்பான்மை உள்ள கட்சி தன் தலைவரைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அந்தக் குழுவின் 7 பேரில் 4 பேர் ஜான்சனின் கட்சிக்காரர்கள். ஆதாரங்கள் மேசைக்கு வந்த பிறகு கட்சிப் பற்று அவர்கள் கண்ணை மறைக்கவில்லை. காப்பாற்றும் முயற்சி நடந்தது தொடக்கத்தில்தான்: 2022 ஏப்ரலில் அரசு விசாரணைத் தீர்மானத்தைத் தள்ளிப்போடப் பார்த்தது, சொந்த உறுப்பினர்களே முரண்டு பிடித்ததால் பின்வாங்கியது. முடிவு வருவதற்குள் ஜான்சன் உறுப்பினர் பதவியையே விட்டுப் போயிருந்தார். ஆகவே 'லையர்' என்று கத்தும் உரிமையைக் கேட்பதைவிட, போதிய ஆதாரம் காட்டினால் அரசின் சம்மதத்துக்குக் காத்திராமல், குறித்த கெடுவுக்குள் விசாரணை தொடங்கும் என்ற விதியைக் கேட்பதே மேல். அது வந்தால் அந்தச் சொல்லுக்குள்ள தடை நியாயமானது. வராதவரை, தடையால் ஆதாயம் பொய் சொல்பவருக்கே.